மர வளையமும் காம்பிள் துரையும்

நம் கல்லூரியில் தாவரவியல் கிடையாது. ஆகவே காம்பிள் துரையை நம்ம ஆட்களுக்கு அறிமுகம் செய்யும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். அடையாறில் எங்கள் தெருத் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. அறுத்துப் போட்ட அடிமரத்தில் வளையங்களை எண்ணி, வயசு அறுபது என்று கூடியிருந்தவர்களிடம் அடித்துச் சொன்னேன். எதிர்வீட்டுப் பாட்டி சிரித்தார். 1978-ல் அந்தக் கன்றை நட்டதே அவர்தானாம்! எஞ்சினியர் கணக்கு என்று தெருவே கேலி பண்ணியது. அந்த வெட்கத்தில் புத்தகங்களைத் தேடப் போய்த்தான் ஜேம்ஸ் சைக்ஸ் காம்பிளைக் கண்டேன்.

1847-ல் லண்டனில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டிலும் பிரான்சின் நான்சி வனக் கல்லூரியிலும் படித்து, 1871-ல் இந்திய வனத்துறைக்கு வந்தார். ரயில் பாதைக்கும் கட்டடத்துக்கும் மரம் ஏராளமாகத் தேவைப்பட்ட காலம். எந்த மரம் எவ்வளவு வேகமாகப் பருக்கும் என்று தெரியாமல் வெட்டினால் காடு மிஞ்சுமா? 1881-ல் வெளியான தம் இந்திய மரக் கையேட்டில், ஆரத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை வளையம் என்று பல மரங்களுக்குக் குறித்தார். வளையம் தெளிவில்லாத மரத்துக்குத் தெளிவில்லை என்றே எழுதினார். என்னைப் போல அடித்துவிடவில்லை.

குளிர்நாட்டில் பனிக்காலத்தில் மரம் வளராது. வருஷத்துக்கு ஒரு வளையம். நம்மூரில் ஆடியில் கொஞ்சம் மழை, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. ஒரே வருஷத்தில் இரண்டு வளையம் போடும் மரமும் உண்டு, ஒன்றுமே காட்டாத மரமும் உண்டு. வறண்ட மாதங்களில் இலை உதிர்க்கும் தேக்குதான் ஓரளவு ஒழுங்கான கணக்குப்பிள்ளை. 2010-ல் புனே விஞ்ஞானிகள் கேரளத் தேக்குகளின் 523 ஆண்டு வளையங்களில் பழைய பருவமழைப் பஞ்சங்களின் தடயத்தைக் கண்டு வெளியிட்டார்கள்.

காம்பிள் டேராடூன் வனப் பள்ளியின் இயக்குநராகவும் இருந்தார். பின்னாளில் அதே ஊரில்தான் கே.ஏ. சௌதுரி, இந்திய மரங்களில் வளையம் எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்தார். 1899-ல் காம்பிள் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அதே ஆண்டு ஓய்வு. ஊர் திரும்பியும் சும்மா இருக்கவில்லை. சென்னை மாகாணத் தாவரங்கள் அனைத்தையும் வகைப்படுத்தும் பெருநூலை 1915 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1925-ல் காலமானார். மீதியை ஃபிஷர் 1936-ல் முடித்தார். தமிழ்நாட்டில் செடியின் பெயர் தேடும் மாணவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

தம்பி தங்கைகளே, எண்களுக்குக் கையெழுத்துப் போடுவதுதான் நம் தொழில். தெரியாத எண்ணைத் தெரியவில்லை என்று எழுதும் தைரியத்தை எனக்கு எந்தப் பாடமும் கற்றுத் தரவில்லை. பாட்டியும் காம்பிளும்தான் கற்றுத் தந்தார்கள். கேன்டீன் வேம்பின் வயசு வேண்டுமா? நட்டவரைத் தேடுங்கள். இந்த விழாக் கூட்டத்திலேயே அவர் இருந்தாலும் இருப்பார்.