வாஷிங்டன் இர்விங் பிஷப்

வாஷிங்டன் இர்விங் பிஷப் (1855 - மே 13, 1889) அமெரிக்காவைச் சேர்ந்த, பிறர் எண்ணம் அறியும் மேடைக் கலைஞர் ஆவார். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பெரும்புகழ் பெற்றிருந்தார். இன்று இவரது நிகழ்ச்சிகளை விட இவரது இறப்பே அதிகம் பேசப்படுகிறது.

வாழ்க்கை

ஆவிகளுடன் பேசுவதாகக் கூறி மேடையேறிய அன்னா ஈவா ஃபே என்பவரின் குழுவில் பிஷப் முதலில் பணியாற்றினார். 1876 இல் அவரது தந்திரங்களை நியூ யார்க் நாளிதழ் ஒன்றில் வெளிப்படுத்தினார். பின்னர் ஜே. ராண்டல் பிரவுன் என்பவரிடம் கண்ட முறையைக் கையாண்டு தனியே நிகழ்ச்சிகள் நடத்தினார். பிரித்தானியாவில் மாயவித்தைக் கலைஞர் மாஸ்கலின் தொடுத்த அவதூறு வழக்கில் இவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. இழப்பீட்டைச் செலுத்தாமலேயே பிஷப் அந்நாட்டை விட்டு வெளியேறினார்.

தசை வாசிப்பு

ஒருவர் ஊசி போன்ற சிறு பொருளை ஒளித்து வைப்பார். கண்கள் கட்டப்பட்ட பிஷப், ஒளித்தவரின் கையைப் பற்றிக்கொண்டு அப்பொருளைத் தேடிக் கண்டுபிடிப்பார். கண்களைக் கட்டியபடியே நகரத் தெருக்களில் குதிரை வண்டி ஓட்டிச் சென்றும் பொருள்களைக் கண்டுபிடித்துள்ளார்.

ஓர் இடத்தையே நினைத்துக்கொண்டிருப்பவரின் தசைகள் அவரை அறியாமலே அத்திசையில் மிகச் சிறிதளவு இயங்கும். இத்தகைய அசைவுகளை உடலியல் அறிஞர் கார்ப்பென்டர் 1852 இலேயே விளக்கியிருந்தார். சரியான திசையில் செல்லும்போது கை தளரும், தவறான திசையில் சற்றே இறுகும். பிஷப் உணர்ந்தது இதைத்தான். 1881 இல் ரோமானிஸ், கால்ட்டன் உள்ளிட்ட அறிஞர்கள் இவரைச் சோதித்து இம்முடிவுக்கே வந்தனர். வழிகாட்டுபவரின் கண்களையும் கட்டி, தாம் அறையில் எங்கிருக்கிறோம் என்பதை அவர் அறியாதவாறு செய்தபோது பிஷப்பால் பொருளைக் கண்டுபிடிக்க இயலவில்லை. எண்ணத்தை நேரடியாக அறிந்திருந்தால் இது தடையாக இருந்திருக்காது. எனினும், எவரும் உணராத அசைவை உணர்ந்ததும் ஓர் அரிய திறமையே.

இறப்பு

நிகழ்ச்சிகளின்போது பிஷப்புக்கு உடல் விறைத்து உணர்விழக்கும் நோய் வருவதுண்டு. 1889 மே 12 இரவு, நியூ யார்க்கில் நடிகர்களின் மன்றமான லாம்ப்ஸ் கிளப்பில் நிகழ்ச்சி நடத்தியபோது மயங்கி விழுந்தார். நினைவு திரும்பியதும் மீண்டும் செய்து காட்ட வற்புறுத்தி, மறுபடியும் மயங்கினார். மறுநாள் இவர் இறந்துவிட்டதாக மருத்துவர்கள் அறிவித்தனர். அன்றே உடல் அறுவை ஆய்வு செய்யப்பட்டு மூளையும் வெளியே எடுக்கப்பட்டது. தாயாரின் அனுமதி பெறப்படவில்லை.

இத்தகைய மயக்கத்திலிருந்து தம் மகன் முன்பும் மீண்டிருக்கிறார் என்றும், உயிருடன் இருந்தவரையே மருத்துவர்கள் அறுத்துவிட்டனர் என்றும் தாயார் எலினார் பிஷப் குற்றம் சாட்டினார். உடலை அறுக்கக் கூடாது என எச்சரிக்கும் குறிப்பை மகன் எப்போதும் தம்முடன் வைத்திருந்ததாகவும் கூறினார். மருத்துவர்கள் மீது வழக்கு தொடரப்பட்டது, ஆனால் எவரும் தண்டிக்கப்படவில்லை. அறுவைக்கு முன் பிஷப்பின் உயிர் பிரிந்திருந்ததா என்பது உறுதியாக நிறுவப்படவில்லை. இவரது உடல் புரூக்ளினில் உள்ள கிரீன்வுட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.