மின்னல் தாக்கியும் பிழைத்த குழந்தை... கடல் அரக்கர்களைத் தோண்டியெடுத்த மேரி ஆனிங்!

கடற்கரைக்குப் போனா எல்லோரும் கடலைத்தான் பார்ப்பாங்க. இங்கிலாந்தின் தெற்குக் கரையில், டார்செட் கவுன்ட்டியில் இருக்கும் லைம் ரீஜிஸ் ஊரில் மட்டும் கதையே வேற. வர்றவங்கள்ல பாதிப் பேர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் கூழாங்கற்களைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். குட்டிப் பசங்க கையில் வாளி, அப்பா கையில் சின்னச் சுத்தியல். தேடுவது ஃபாசில். அதாவது, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, கல்லாகவே மாறிப்போன உயிர்களின் மிச்சம்.

இந்தக் குடும்பங்கள் இன்றைக்கு ஜாலியாகச் செய்யும் இந்த வேலையை, 200 ஆண்டுகளுக்கு முன்பு வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தவர் ஒரு சிறுமி. பெயர் மேரி ஆனிங்.

1799, மே 21-ம் தேதி பிறந்தார் மேரி. அப்பா ரிச்சர்ட், தச்சர். அலமாரி, பெட்டி செய்கிறவர். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1804-ல் லைமுக்கு வந்திருந்தபோது உடைந்த பெட்டி மூடி ஒன்றை இவரிடம்தான் காட்டியிருக்கிறார். ரிச்சர்ட் சொன்ன ஐந்து ஷில்லிங் மதிப்பு அந்தம்மாவுக்கு ரொம்ப அதிகமாகத் தெரிந்ததாம்!

ஆனிங் தம்பதிக்குப் பிறந்த குழந்தைகள் சுமார் பத்து. பிழைத்து வளர்ந்தவர்கள் இரண்டே பேர், மேரியும் அண்ணன் ஜோசப்பும். மேரி என்ற பெயரே அவருக்கு முன் பிறந்து, நான்கு வயதில் தீ விபத்தில் இறந்துபோன அக்காவின் பெயர்தான். இந்த மேரியும் கைநழுவிப் போயிருக்க வேண்டியவர். 1800 ஆகஸ்ட்டில் ஊருக்குள் குதிரை வித்தை காட்ட ஒரு குழு வந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் 15 மாதக் குழந்தையான மேரியைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனார். மழை பிடித்துக்கொள்ள, மரத்தடியில் ஒதுங்கினார்கள். இறங்கியது மின்னல். மூன்று பெண்கள் அங்கேயே இறந்துபோனார்கள். குழந்தையை வீட்டுக்குத் தூக்கிவந்து வெந்நீரில் வைத்ததும் மூச்சு திரும்பியது. அதுவரை நோஞ்சானாக இருந்த குழந்தை அதற்குப் பிறகுதான் சுறுசுறுப்பானது என்று ஊரே பேசியது. மின்னலுக்கும் சுறுசுறுப்புக்கும் சம்பந்தம் உண்டான்னு கேட்காதீங்க. ஊர்ப் பேச்சு அப்படித்தான்.

அந்தக் காலத்தில் லைம் ஒரு சுற்றுலா ஊராக மாறிக்கொண்டிருந்தது. பிரான்ஸோடு போர் நடந்ததால் வெளிநாடு போக முடியாத இங்கிலாந்துப் பணக்காரர்கள் உள்ளூர்க் கடற்கரைகளுக்குப் படையெடுத்தார்கள். அவர்களுக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துச்செல்ல ஏதாவது வேண்டுமே? ஆட்டுக்கடா கொம்பு மாதிரி சுருண்டிருக்கும் அம்மோனைட்டைப் பாம்புக்கல் என்றும், நீளக் கூராக இருக்கும் பெலம்னைட்டைப் பேய் விரல் என்றும் சொல்லி உள்ளூர்க்காரர்கள் விற்றார்கள். ரிச்சர்ட்டும் தச்சுவேலை போக மீதி நேரத்தில் மேரியையும் ஜோசப்பையும் கூட்டிக்கொண்டு பாறைச்சரிவில் ஃபாசில் பொறுக்கி, வீட்டு வாசலில் மேசை போட்டு விற்றார். கண்ணுக்குத் தெரியாததைக் கல்லுக்குள் கண்டுபிடிக்கும் வித்தையை மேரி கற்றது இங்கேதான். பள்ளிக்கூடம்? தேவாலயத்து ஞாயிறு பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றதோடு சரி.

1810-ல் ரிச்சர்ட் இறந்தார். விட்டுப்போனது சுமார் 120 பவுண்டு கடன். அன்றைக்கு ஒரு தொழிலாளிக் குடும்பத்துக்கு அது மலை. ஊர்ச் சபை தரும் ஏழை உதவித் தொகையில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. பதினொரு வயது மேரிக்குக் கடற்கரை அன்றிலிருந்து வேலைக்குப் போகிற இடம்.

1811-ல் ஜோசப் ஒரு மண்டையோட்டைக் கண்டுபிடித்தார். நீளம் சுமார் நான்கு அடி. தட்டு மாதிரி பெரிய கண்குழி, வாய் நிறைய பல். பார்த்தவர்கள் முதலை என்றே நினைத்தார்கள். ஜோசப் வேறு வேலைக்குப் போய்விட, மீதி உடம்பைத் தேடியது மேரி. அடுத்த ஆண்டு, இன்னும் டீன் ஏஜைக்கூட முழுசாகத் தொடாத அந்தச் சிறுமி அதைக் கண்டுபிடித்தார். ஆட்களை வைத்துத் தோண்டியெடுத்தார்கள். அந்தப் பகுதி ஜமீன்தார் ஹென்லி சுமார் 23 பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டார். அது முதலை இல்லை, மீனும் இல்லை. பின்னாளில் அந்த இனத்துக்கு இக்தியோசார், அதாவது மீன்பல்லி என்று பெயர் வைத்தார்கள். (டைனோசர்னு சொல்லிடாதீங்க. டைனோசர்கள் நிலத்தில் வாழ்ந்தபோது கடலில் வாழ்ந்த வேறு வகை ஊர்வன இது.) லண்டனில் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. 1814-ல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் வந்தது. அதில் மேரியின் பெயர் இல்லை.

இதே கதை இனி மேரி வாழ்க்கை முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கும்.

அவர் வேலையின் ஆபத்தைப் புரிந்துகொள்ள, அந்தப் பாறைச்சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல் ஒரு அடுக்கு, களிமண் ஒரு அடுக்கு என்று மாறி மாறி அடுக்கியிருக்கும் மலை அது. மழைநீர் உள்ளே இறங்கினால் களிமண் வழுக்கி, மேலே இருப்பதெல்லாம் சரியும். கீழே கடல் அரிக்கும். அதனால் புது ஃபாசில் வெளியே தெரிவது குளிர்காலப் புயலுக்குப் பிறகுதான். அதிக ஆபத்தும் அப்போதுதான். கண்ணில் பட்டதை உடனே எடுக்காவிட்டால் அடுத்த அலை கொண்டுபோய்விடும். மேரி தினமும் கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, ஏறும் நேரத்துக்குள் திரும்ப வேண்டும். கூடவே போகும் அவருடைய நாய் டிரே, எஜமானி சுத்தியல் எடுக்கப் போனாலும் கண்டுபிடித்த இடத்தைவிட்டு நகராமல் காவல் இருக்கும். 1833-ல் மேரியின் கண் முன்னால் மண் சரிந்து டிரே புதைந்துபோனது. சில நொடி வித்தியாசத்தில் மேரி தப்பினார். அடுத்தும் அதே இடத்துக்குத்தான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் 1820-ல் வீட்டு வாடகை கட்டச் சாமான்களை விற்கும் நிலைமை வந்தது. வாடிக்கையாளரான தாமஸ் பர்ச் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி அதைப் பார்த்து மனம் பொறுக்காமல், இவர்களிடம் வாங்கிச் சேர்த்த ஃபாசில்களையே லண்டனில் ஏலம் விட்டு இவர்களுக்கு உதவினார். கிடைத்தது சுமார் 400 பவுண்டு. அந்த ஏலம் ஆனிங் குடும்பத்தின் பெயரை அறிவியல் உலகத்துக்குக் கொண்டுபோனது.

மேரியின் உச்சம் 1823 டிசம்பர். குட்டித் தலை, பாம்பு மாதிரி நீளக் கழுத்து, துடுப்பு மாதிரி நான்கு கால்கள் என்று சுமார் ஒன்பது அடி நீளத்தில் ஒரு முழு எலும்புக்கூடு! பிளீசியோசார் என்ற அந்த விலங்கின் துண்டு துணுக்குகள் முன்பே கிடைத்திருந்தன. முழு உருவத்தை யாரும் பார்த்ததில்லை. படத்தைப் பார்த்த பாரிஸின் ஜார்ஜ் குவியேவுக்குச் சந்தேகம். அந்தத் துறையில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. கழுத்தில் 35 எலும்பா, வேறு வேறு விலங்குகளின் எலும்பைச் சேர்த்து ஒட்டிய போலியாக இருக்குமோ என்று அவர் நினைத்தார்.

இதில் மேரியின் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது. ஃபாசில் விற்கிறவருக்கு நம்பிக்கைதான் முதல். போலி என்று முத்திரை விழுந்தால் அப்புறம் ஒரு கல்லைக்கூட யாரும் வாங்க மாட்டார்கள். 1824 பிப்ரவரியில் லண்டன் புவியியல் சங்கத்தில் வில்லியம் கானிபியர் இதை அறிவித்தார். முதன்முதலில் பெயர் வைக்கப்பட்ட டைனோசரான மெகலோசாரஸ் அறிவிக்கப்பட்டதும் அதே கூட்டத்தில்தான். எலும்புக்கூடு அசல்தான் என்று உறுதியாகி, குவியேவும் ஒப்புக்கொண்டார். மேரி ஜெயித்தார். ஆனா, ஜெயித்த இடத்தில் அவர் இல்லை. பெண்களுக்கு அந்தச் சங்கத்தில் அனுமதியே கிடையாது. கானிபியர் தன் உரையில் அவர் பெயரைச் சொல்லவும் இல்லை. அங்கே பெண்கள் உறுப்பினராக முடிந்தது 1919-ல்!

வாங்கிய ஜமீன்தார், பேசிய பேராசிரியர், எழுதிய டாக்டர் எல்லோருடைய பெயரும் பதிவானது. மண்ணில் மண்டியிட்டு எடுத்தவர் பெயர் மட்டும் காணோம். ஏழை, பெண், ஆங்கிலிக்கன் சபையைச் சேராத குடும்பம். அன்றைய இங்கிலாந்தில் இதில் ஒன்று போதும், கதவு சாத்த. மேரிக்கு மூன்றும் இருந்தது. அவருக்கு இது தெரியாமல் இல்லை. கசப்பு இருந்தது, அதை நெருங்கியவர்களிடம் மறைக்கவும் இல்லை.

வெறுமனே பொறுக்கி விற்றவர் என்று நினைத்தால் தப்பு. ஆய்வுக் கட்டுரைகளைக் கடன் வாங்கி, படங்கள் உட்படக் கையாலேயே நகல் எடுத்துப் படித்தார். எலும்பமைப்பு புரிய, மீனையும் கணவாயையும் அறுத்துப் பார்த்தார். பெசோர் கற்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த ஒருவகைக் கல், இக்தியோசார்களின் வயிற்றுப் பகுதியிலேயே கிடைப்பதைக் கவனித்தார். உடைத்தால் உள்ளே மீன் முள்ளும் செதிலும்! அது கல்லாகிப்போன சாணம் என்பது பிறகு உறுதியானது. வில்லியம் பக்லேண்ட் அதற்குக் காப்ரோலைட் என்று பெயர் வைத்தார். சிரிப்பாக இருந்தாலும், அந்தக் காலத்துக் கடலில் எது எதைத் தின்றது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேறு இல்லை. 1828-ல், ஜெர்மனிக்கு வெளியே முதன்முதலாக, பறக்கும் ஊர்வனமான டெரோசாரின் எலும்புக்கூட்டையும் கண்டெடுத்தார்.

அதற்கு முன்பே, 27 வயதில், சொந்தச் சேமிப்பில் வீடும் கண்ணாடி ஜன்னல் வைத்த கடையும் வாங்கியிருந்தார். 1844-ல் சாக்சனி மன்னரே அந்தக் கடைக்கு வந்து போனார். ஆனால் பணம் மட்டும் நிலைக்கவில்லை. தப்பான முதலீட்டில் சேமிப்பு கரைந்தது. நண்பர்கள் கைவிடவில்லை. சிறுவயதிலிருந்தே பழக்கமான ஹென்றி டி லா பெஷ், மேரி எடுத்த விலங்குகள் உயிரோடு நீந்துவதுபோல 1830-ல் ஓர் ஓவியம் வரைந்து, பிரதிகள் விற்ற பணத்தை அவருக்கே கொடுத்தார். பக்லேண்டின் முயற்சியால் 1835-ல் ஆண்டுக்கு 25 பவுண்டு உதவித்தொகை கிடைத்தது.

கடைசி ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய். வலிக்கு அபின் கலந்த மருந்து குடித்துத் தள்ளாடியவரை, ஊர் குடிகாரி என்று பேசியது. 1847 மார்ச் 9-ம் தேதி, 47 வயதில் இறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அவரை உள்ளே விடாத சங்கத்தின் தலைவராக அப்போது இருந்தவர் அதே டி லா பெஷ். உறுப்பினராகவே இல்லாத மேரிக்கு அங்கே அவர் அஞ்சலி உரை வாசித்தார்.

இப்போ லைம் போனீங்கன்னா எங்கும் மேரிதான். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில்தான் ஊர் மியூசியம் நிற்கிறது. செயின்ட் மைக்கேல் தேவாலயத்தில் 1850-ல் வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல், வெளியே அண்ணனோடு சேர்ந்த கல்லறை. அதன் மேல் யாராவது ஓர் அம்மோனைட்டை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவ்வளவு பேருக்கும் ஒரு சிலை இல்லையே என்று டார்செட் பள்ளி மாணவி ஒருவர் கேட்கப்போய், மக்களிடம் நிதி திரட்டி, 2022 மே 21 அன்று வெண்கலச் சிலை திறந்தார்கள். பக்கத்தில் டிரேயும் ஓடுகிறது!

கடற்கரையே 2001 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னம். ஜுராசிக் கோஸ்ட் என்ற பெயரில் சுமார் 150 கி.மீ. நீளுகிறது. பாறை வளைவான டர்டில் டோர், லல்வொர்த் குடா, செசில் கூழாங்கல் கரை எல்லாம் இதே வரிசையில்தான். லைமில் ரயில் நிலையம் கிடையாது. லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஆக்ஸ்மின்ஸ்டர் வரை ரயில், அங்கிருந்து பஸ். ஃபாசில் தேட முதல்முறை போகிறவர்கள் பக்கத்து ஊர் சார்மவுத்தில், வழிகாட்டியோடு நடப்பது நல்லது. உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கலாம். பாறைச்சரிவில் சுத்தியலை வைக்கக் கூடாது, அடியில் போய் நிற்கவும் கூடாது. சார்மவுத்துக்கும் லைமுக்கும் இடையே கரையோரமாக நடப்பதாக இருந்தால், கடல் வற்ற ஆரம்பிக்கும்போது கிளம்புங்கள். நீர் ஏறிவிட்டால் நடுவில் வெளியேற வழி கிடையாது.

லைம் வரை போக முடியாதவர்கள் லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துக்குப் போகலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. கடல் ஊர்வனக் கூடத்தில், குவியே சந்தேகப்பட்ட அந்த நீளக்கழுத்து பிளீசியோசாரும் சுவரில் இருக்கிறது.