எல்லை கடக்க ஒரு தாள்

புலம்பெயர்ந்தோர் மற்றும் அகதிகள் ஞாயிறு நெருங்கும்போது மறையுரைக்குக் குறிப்பெடுக்க உட்காருகிறோம். எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பம் முதலில் நினைவுக்கு வரும். அடுத்து, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள். 2013 ஜூலையில் லம்பெதூசா தீவுக்குச் சென்று, கடலில் மாண்டவர்களுக்காக அலைகளின் மீது மலர்வளையம் இட்டவர் அவர். 2016 ஏப்ரலில் கிரேக்கத் தீவான லெஸ்போசுக்குச் சென்றபோது, சிரியாவிலிருந்து வந்த மூன்று குடும்பங்களைத் தம் விமானத்திலேயே உரோமைக்கு அழைத்து வந்தார். மொத்தம் 12 பேர், அனைவரும் இஸ்லாமியர்.

12 பேர் என்பது சிறிய எண்தான். ஆனால் ஒரு கேள்வி அதற்குள் இருந்தது. படகு கரை ஒதுங்கியது கிரேக்கத் தீவில் என்பதற்காக, வந்தவர்கள் அத்தனை பேரையும் கிரீஸ் மட்டுமே சுமக்க வேண்டுமா? மற்ற நாடுகளுக்கு அதில் பங்கில்லையா? இந்தக் கேள்வி புதியதல்ல. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைத் தோளில் சுமந்து, ஒவ்வோர் அரசின் கதவாகத் தட்டிய ஒருவர் இருந்தார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். எந்தச் சமயத்தையும் பின்பற்றாதவர். ஆயினும் அவருடைய வாழ்வை இந்தப் பக்கத்தில் எழுதுவதில் நமக்குத் தயக்கம் ஏதுமில்லை. நல்ல சமாரியரின் கதையில் நின்று உதவியவர் யார் என்பது நமக்குத் தெரியும்.

ஃபிரிட்யோஃப் நான்சென் 1861 அக்டோபர் 10 அன்று நார்வேயின் தலைநகரை ஒட்டிய சிற்றூரில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். விலங்கியல் படித்து, நரம்பு மண்டலத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அதே 1888-ஆம் ஆண்டில் ஐந்து தோழர்களுடன் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைச் சறுக்குக் கட்டைகளில் குறுக்காகக் கடந்தார். மேற்குக் கரையில்தான் ஊர்கள் இருந்தன. அவரோ ஆளரவம் குறைந்த கிழக்குக் கரையில் இறங்கி மேற்கு நோக்கி நடந்தார். திரும்பிப் போக வழி இல்லாதபோதுதான் மனிதன் முன்னால் போவான் என்பது அவர் கணக்கு.

1893-இல் 'ஃபிராம்' என்ற கப்பலில் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டார். கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டு, பனியோடு மிதந்து செல்வது திட்டம். வழியில் கப்பலை விட்டிறங்கி ஒரே ஒரு தோழருடன் நடந்து, அதுவரை யாரும் எட்டாத 86 பாகைக்கு மேற்பட்ட வடக்கு எல்லையைத் தொட்டார். அந்தக் குளிர்காலத்தை இருவரும் கல்லும் வால்ரஸ் தோலும் கொண்டு கட்டிய குடிசையில், கரடி இறைச்சியைத் தின்று கழித்தார்கள். 1896-இல் வீடு திரும்பினார்கள். புறப்பட்ட 13 பேரும் உயிரோடு திரும்பினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இதன்பின் அவர் நார்வேயின் தலைமகன் ஆனார். 1905-இல் சுவீடனிலிருந்து நாடு பிரிந்தபோது முன்னின்றார். இலண்டனில் நாட்டின் தூதராகப் பணியாற்றினார். 1907-இல் மனைவி ஏவாவை இழந்தார். முதல் உலகப்போர் முடிந்தபோது அவருக்கு வயது 57. கடலாய்வு செய்து அமைதியாகக் காலம் கழித்திருக்கலாம்.

1920-இல், ஐக்கிய நாடுகள் அவைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தது. போர் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியும் இலட்சக்கணக்கான போர்க்கைதிகள் சைபீரியா முதல் ஜெர்மனி வரை முகாம்களில் கிடந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் 4 இலட்சத்துக்கும் அதிகமானோரை அவர் வீடு சேர்த்தார். அவர்கள் பல நாட்டவர் என்றாலும், ஒவ்வொருவருக்கும் திரும்பிப் போக ஒரு நாடு இருந்தது.

அடுத்து வந்தவர்களுக்கு அது இல்லை. ரஷ்யப் புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் பின் ஏறத்தாழ 15 இலட்சம் ரஷ்யர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். 1920 நவம்பரில் மட்டும் சுமார் ஒன்றரை இலட்சம் பேர் கிரிமியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் கான்ஸ்டாண்டிநோபிளில் வந்து இறங்கினார்கள். 1921 செப்டம்பரில் நான்சென் இவர்களுக்கான உயர் ஆணையர் பொறுப்பை ஏற்றார். அந்த ஆண்டு டிசம்பரில் சோவியத் அரசு, வெளியேறியவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. ஒரே ஆணையில் இலட்சக்கணக்கானோர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவர் ஆனார்கள்.

இதன் பொருளை நாம் சற்று நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். போருக்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே பயணம் செய்யலாம். போருக்குப் பின் எல்லாரும் கதவடைத்து விசா கேட்டார்கள். கான்ஸ்டாண்டிநோபிளில் பசியோடு கிடக்கும் ஒருவருக்குச் செக்கோஸ்லோவாக்கியாவில் படிப்போ பிரான்சில் வேலையோ காத்திருக்கலாம், ஆனால் போக முடியாது. அரசுகளின் அச்சம் கல்நெஞ்சத்தால் மட்டும் வந்ததல்ல. உள்ளே விட்டுவிட்டு நாளை திருப்பி அனுப்ப நினைத்தால் எங்கே அனுப்புவது? ஏற்றுக்கொள்ள நாடில்லாதவன் கடைசியாக யார் வாசலில் நிற்கிறானோ, அவன் அந்த வீட்டுப் பொறுப்பு. ஆகவே எவரும் அந்தக் கடைசி வாசலாக இருக்க விரும்பவில்லை.

நான்சென் 1922 ஜூலையில் ஜெனீவாவில் அரசுகளைக் கூட்டினார். யார் எத்தனை பேரை ஏற்பது என்று கேட்டிருந்தால் கூட்டம் அன்றே கலைந்திருக்கும். அவர் கேட்டது மிகச் சிறியது: ஒரே ஒரு தாள். அகதி தங்கியிருக்கும் நாடு, அவர் பெயர், வயது, படம் சேர்த்து ஒரு சான்றிதழ் கொடுக்கட்டும். மற்ற நாடுகள் அந்தத் தாளை விசா ஒட்டத் தகுந்த ஆவணம் என்று ஒப்புக்கொள்ளட்டும். அது குடியுரிமை தராது. எந்த நாட்டையும் கதவு திறக்கக் கட்டாயப்படுத்தாது. இவ்வளவு எளியது என்பதாலேயே அரசுகள் கையெழுத்திட்டன. காலப்போக்கில் 50-க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. 'நான்சென் பாஸ்போர்ட்' என்ற பெயரும் நிலைத்தது. 1924-இல் ஆர்மேனியர்களுக்கும், 1928-இல் அசீரியர் முதலானோருக்கும் அது விரிந்தது. ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் அதைப் பெற்றார்கள் என்பது கணக்கு. இசைமேதை ஸ்திராவின்ஸ்கி, ஓவியர் ஷகால், எழுத்தாளர் நபோகோவ் ஆகியோரும் அவர்களுள் அடங்குவர்.

அந்தத் தாளில் பெரிய ஓட்டையும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வெளியே போனவரைத் திரும்ப ஏற்க, கொடுத்த நாடு கடமைப்படவில்லை. 1926-இல் அதை ஓரளவு சரிசெய்தார்கள். அதே ஆண்டு, நான்சென் படம் பொறித்த 5 தங்கப் பிராங்கு வில்லை ஒன்றைச் சான்றிதழில் ஒட்டும் முறையும் வந்தது. கொடுக்க முடிந்த அகதி கொடுப்பார், அந்தப் பணம் முடியாத அகதிக்குப் போகும். அரசுகள் ஆணையருக்குத் தந்ததோ அலுவலகச் செலவு மட்டுமே. அகதியின் பாரத்தில் ஒரு பகுதியை அகதியே சுமந்தார் என்பதை இன்றைய வரவுசெலவு விவாதங்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தாள் கிடைத்ததும் மக்கள் தாமே பரவினார்கள். பிரான்ஸ் போரில் 13 இலட்சத்துக்கும் அதிகமான ஆண்களை இழந்து ஆளில்லாமல் தவித்தது. ஆகவே ரஷ்யர்கள் பாரிஸ் அருகே ரெனோ கார் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள், டாக்சி ஓட்டினார்கள். செக்கோஸ்லோவாக்கியா மாணவர்களை ஏற்றது. செர்பியரும் பல்கேரியரும் தங்களைப் போன்ற ஸ்லாவ் இனத்து ஆர்த்தடாக்ஸ் மக்கள் என்று இடம் கொடுத்தார்கள். 1925 முதல் சில ஆண்டுகள் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு, எங்கே வேலை, எங்கே ஆள் என்று பொருத்திக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றது.

நான்செனைப் புனிதராக்குவது நம் நோக்கமல்ல. ரஷ்ய அகதிகளைச் சோவியத் நாட்டுக்கே திருப்பி அனுப்பலாம் என்று தொடக்கத்தில் அவர் நம்பினார். அதனால் அகதிகளில் பலர் அவரைச் சந்தேகித்தார்கள். அதைவிடக் கனமானது கிரீஸ் விவகாரம். 1922 செப்டம்பரில் ஸ்மிர்னா நகரம் எரிந்தது. துருக்கியிலிருந்து கிறிஸ்தவர்கள் கிரீசுக்குள் வெள்ளமாய் வந்தார்கள். ஏறக்குறைய 50 இலட்சம் பேர் வாழ்ந்த ஏழை நாட்டுக்கு 12 இலட்சம் பேர். ஏதென்ஸ் நகர நாடக அரங்கின் மாடத்து அறைகளில் அறைக்கு ஒரு குடும்பம் குடியேறியது. மக்களைப் பரிமாறிக்கொள்வதே வழி என்று நான்சென் இரு தரப்பிடமும் வாதாடினார். 1923 ஜனவரி 30-இல் லோசானில் அது ஒப்பந்தமானது. சுமார் நாலு இலட்சம் இஸ்லாமியர் துருக்கிக்குப் போக வேண்டியிருந்தது. சமயம் ஒன்றே அளவுகோல். துருக்கி மொழி மட்டுமே பேசத் தெரிந்த கிறிஸ்தவர் கிரீசுக்குப் போனார். கிரேக்கம் பேசிய கிரீட் தீவு இஸ்லாமியர் துருக்கிக்குப் போனார். யாரையும் கேட்கவில்லை. விரும்பிய இடம் போக ரஷ்யருக்குத் தாள் வாங்கிக் கொடுத்த அதே கை, இங்கே விரும்பாதவரையும் அனுப்பத் துணை நின்றது. அவரைப் பாராட்டி எழுதுவோர் இதை விரைவாகத் தாண்டிப் போவது நமக்கு ஒப்பவில்லை.

கிரீசுக்கு மற்ற நாடுகள் உதவின என்பதும் உண்மைதான். சர்வதேச சங்கத்தின் முயற்சியால் 1924-இல் பெருங்கடன் ஒன்று திரட்டப்பட்டது. மக்கெதோனியப் பகுதியில் நிலமும் வீடும் கொடுத்தார்கள். ஆனால் அது கடன். வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியது கிரீஸ்.

2015-இல் மறுபடியும் கிரேக்கத் தீவுகள். அவ்வாண்டு கடல் வழியாக ஐரோப்பாவுக்கு வந்த 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் 8 இலட்சத்துக்கும் அதிகமானோர் அங்கேதான் இறங்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1990-இல் கையெழுத்தான டப்ளின் உடன்படிக்கை வழிவந்த விதி, பெரும்பாலும் அகதி முதலில் நுழைந்த நாட்டையே பொறுப்பாளி ஆக்குகிறது. நான்சென் காலத்தில் கடைசி வாசலுக்கு அஞ்சினார்கள். இப்போது முதல் வாசல் மாட்டிக்கொள்கிறது. இத்தாலியிலும் கிரீசிலும் இருந்து 1,60,000 பேரை மற்ற நாடுகள் பங்கிட்டுக்கொள்ள அந்த ஆண்டு முடிவாயிற்று. இரண்டு ஆண்டுகளில் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 35,000 பேர் மட்டுமே. ஹங்கேரியும் போலந்தும் செக் குடியரசும் கடமை தவறின என்று 2020 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

ஆனால் 2022 மார்ச்சில் உக்ரைன் மக்களுக்கு ஒன்றியம் தற்காலிகப் பாதுகாப்பு அளித்தபோது வேறொன்று நடந்தது. எந்த நாட்டில் தங்குவது என்பதை வந்தவர்களே தேர்ந்துகொள்ளலாம் என்று விட்டார்கள். 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உறவினர் இருக்கும் இடம், வேலை இருக்கும் இடம் என்று பரவினார்கள். முன்பு ஒதுக்கீட்டை மறுத்த போலந்தும் செக் குடியரசும் இம்முறை பெரும் பங்கைச் சுமந்தன. வந்தவர்கள் அண்டை வீட்டார், ஒத்த நிறத்தார் என்பதும் இதில் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை, பல்கேரியரின் கதையும் அதுதானே. என்றாலும் மக்கள் தாமே நகர விட்டபோது பங்கீடு நடந்தது, பெயர்ப்பட்டியல் போட்டு அனுப்ப முயன்றபோது சிக்கிக்கொண்டது. 2024 மே மாதம் ஏற்கப்பட்டு, 2026 ஜூன் முதல் நடைமுறைக்கு என வகுக்கப்பட்ட புதிய ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் ஏதாவது ஒரு விதத்தில் பங்களிக்க வேண்டும். ஆளை ஏற்கலாம், அல்லது ஓர் ஆளுக்கு 20,000 யூரோ என்ற கணக்கில் பணம் தரலாம். உறவினர் இருக்கும் நாடு போன்றவை கணக்கில் எடுக்கப்படுகின்றன என்றாலும், முதல் வாசல் விதி பெரிதாக மாறவில்லை. அகதி எங்கே போக விரும்புகிறார் என்ற கேள்விக்கு அதில் இடம் குறைவு.

நான்செனுக்கு 1922-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. பணத்தைத் துயர்துடைப்புக்கே கொடுத்தார். அவரை மிகவும் வாட்டியது ஆர்மேனியர் காரியம். 1925-இல் அங்கே நேரில் சென்று, வறண்ட நிலத்துக்கு நீர்ப்பாசனம் செய்து பல்லாயிரம் அகதிகளைக் குடியமர்த்தத் திட்டம் வரைந்தார். அதற்கான கடனுக்கு அரசுகள் பொறுப்பேற்க மறுத்தன. ஆண்டுதோறும் ஜெனீவாவில் எழுந்து கேட்டார். ஆண்டுதோறும் இல்லை என்றார்கள். 1921-இல் ரஷ்யப் பஞ்சத்துக்குக் கையேந்தியபோதும் இதே பதில்தான். பனியில் மூன்று ஆண்டு தாக்குப்பிடித்த அந்த மனிதரை இந்த மறுப்பு உள்ளூரக் கரைத்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை, நான்சென் தாளின் வழிவந்தவர்களையும் அகதிகள் என்று ஏற்றது. அகதிகளுக்கான பயண ஆவணத்துக்கும் வழி செய்தது. ஐரோப்பாவில் தஞ்சமடைந்த நம் ஈழத்து உறவுகள் பலர் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கும் அகதிப் பயண ஏடு அந்த வழியில் வந்ததே.

நான்சென் 1930 மே 13 அன்று, தாம் கட்டிய வீட்டில் 68-ஆம் வயதில் இறந்தார். மே 17, நார்வே தன் அரசியலமைப்பு நாளைக் கொண்டாடும் நாள். அன்று அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. சமயச் சடங்கு இல்லை, மறையுரை இல்லை, யாரும் பேசவும் இல்லை. ஏவா உயிரோடிருந்தபோது பாடிவந்த ஷூபர்ட்டின் இசை மட்டும் ஒலித்தது. அவருடைய சாம்பலை வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் வைத்தார்கள்.