மலையில் பிறந்த மாலுமி

பதுளையில் ஆசிரியப் பணி புரியும் என்னிடம் மாணவன் ஒருவன் ஒருநாள் வினாவொன்றை விடுத்தான். கடலைக் கண்டறியாத நம் மலைநாடு கடல்வீரர் எவரையேனும் ஈன்றதுண்டா என்பதே அது. அகஸ்டஸ் ஏகாரின் வரலாறு அன்று என் நினைவுக்கு வந்தது.

1890 ஜனவரி 4ஆம் நாள் கண்டியில் பிறந்தவர் ஏகார். அயர்லாந்தைச் சேர்ந்த தேயிலைத் தோட்டத் துரை ஒருவரின் பதின்மூன்றாவது பிள்ளை. துரைமார் பிள்ளைகளின் பெயர்கள் ஏடுகளில் ஏறின; அதே காலத்தில் ஊவாவின் லயங்களில் பிறந்த நம் முன்னோர் பெயர்களோ பெரட்டுக் களத்தோடு மறைந்தன. இதனை மறந்து அவர் புகழ் பாட நான் முற்படவில்லை. ஆயினும் பன்னிரண்டு வயதுக்குள் பெற்றோரை இழந்து, இளமையிலேயே கடற்படை புகுந்த அச்சிறுவனின் வாழ்வு அறியத்தக்கதே.

1919இல், ரஷ்யப் புரட்சியின் பின், பெட்ரோகிராடில் மறைந்திருந்த பிரித்தானிய ஒற்றருக்குத் தூது சென்றுவரும் இரகசியப் பணி லெப்டினன்ட் ஏகாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்வசம் இருந்தவை நாற்பதடி நீளமுள்ள இரண்டு மோட்டார்ப் படகுகள். ஒவ்வொன்றிலும் மூன்று பேர். ஒரேயொரு டார்ப்பிடோக் குண்டு. அக்குண்டு படகின் பின்புறமாக நீரில் விழுந்து, படகு செல்லும் திசையிலேயே பாயும். கணப்பொழுதில் படகைத் திருப்பி விலகாவிடில் தம் குண்டே தம்மை மாய்த்துவிடும்.

போல்ஷெவிக் ஆட்சியை எதிர்த்தெழுந்த கிராஸ்னயா கோர்காக் கோட்டையைப் போர்க்கப்பல்கள் சுட்டு நொறுக்குவதைக் கண்ட ஏகார், மேலிடத்து ஆணையின்றியே தாக்கத் துணிந்தார். ஒரு படகு பழுதுற்றது. ஜூன் 17ஆம் நாள் மற்றதில் தனித்துச் சென்று, காவற்கப்பல்களை ஊடுருவி, ஓலெக் என்னும் குரூசரை மூழ்கடித்தார். விக்டோரியா சிலுவை கிட்டியது. பணி இரகசியமானதால் காரணம் அன்று வெளியிடப்படவில்லை. ஆகஸ்ட் 18இல் குரோன்ஸ்டாட் துறைமுகத்தைத் தாக்கிய படகுகளிலும் அவர் பங்குகொண்டார்.

இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் டோர்செட்ஷயர் என்னும் பெருங்கப்பலின் தலைமை அவருக்கு வாய்த்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலையில் கொழும்பின்மீது குண்டு பொழிந்த ஜப்பானியர், பிற்பகலில் இலங்கைக்குத் தென்மேற்கே டோர்செட்ஷயரையும் அதன் துணையான கோர்ன்வாலையும் கண்டனர். இரண்டும் சில நிமிடங்களில் மூழ்கின. நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிறந்த தீவின் அருகிலேயே ஏகார் தம் கப்பலை இழந்தார். எனினும், காயமுற்ற நிலையிலும், மிதந்தவர்களைச் சிதறவிடாமல் ஒன்றுசேர்த்து, காயம்பட்டோரைப் படகுகளில் ஏற்றி, மனந்தளராது காத்திருக்கச் செய்தார். ஏறக்குறைய முப்பது மணிநேரத்தின் பின் மீட்புக் கப்பல்கள் வந்தன. இரு கப்பல்களிலுமாக 1,122 பேர் உயிர் தப்பினர்.

அதே போரின் அலை நம் ஊவாவையும் தொட்டது. கடற்படையினர் இளைப்பாறத் தியத்தலாவையில் முகாம் எழுந்தது; 1942இல் சென் தோமஸ் கல்லூரியின் கிளை குருத்தலாவைக்கு வந்தது.

ஏகார் 1968 டிசம்பர் 30இல் இங்கிலாந்தில் மறைந்தார். அவரை நினைவுகூர்வோர் ஓலெக்கை மூழ்கடித்த இரவையே முதலிற் கூறுவர். நான் மாணவனுக்கு அந்த முப்பது மணிநேரத்தையே முதலிற் கூறினேன். பகைவர் கப்பலை அழிக்க ஓர் இரவின் துணிவு போதும். தன் கப்பல் அழிந்த பின்னும் தன்னை நம்பியோரைக் கைவிடாதிருக்க அதனினும் பெரிய நெஞ்சுரம் வேண்டும். துரை வீட்டுப் பிள்ளையாயினும் லயத்துப் பிள்ளையாயினும், மனிதனை அளக்கும் கோல் அதுவே.