நாடகத் தவமுனிவர் சங்கரதாஸ் சுவாமிகள்

திருக்கோயில் திருப்பணி தொடங்குமுன், மூர்த்தியிடத்து விளங்கும் அருளாற்றலைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்வது ஆகம மரபு. பணி முற்றுப்பெற்றபின், குடமுழுக்கு நன்னாளில், அவ்வாற்றல் மீண்டும் மூர்த்தியைச் சென்றடைகின்றது. கட்டடம் பழுதுறலாம், அருள் பழுதுறுவதில்லை. இடைக்காலத்தில் அதனைத் தாங்கத் தூய கலம் ஒன்று வேண்டும். தமிழ் நாடகக் கலை நிலை தளர்ந்திருந்த நாளில், அதனைத் தூய சிறு கலங்களிற் பெய்து காத்த பெரியார் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிப் பரவிய பதி உத்திரமேரூர். அதனைச் சூழ்ந்த தொண்டை நாடோ, திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடியப் பாரதக் கூத்து நிகழும் நாடு. முருகன் அருளும் கூத்துக் கலையும் ஒருங்கே தழைக்கும் இவ்வூரில், அவ்விரண்டையும் தம் வாழ்வில் இணைத்த சுவாமிகளை நினைவுகூர்தல் மிகவும் பொருத்தமாகும்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையாரிடம் தொடக்கக் கல்வி பெற்றபின், முருகனையே பாடித் திரிந்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். சந்தமும் வண்ணமும் அவர் நாவில் எளிதாக வந்து பொருந்தியமைக்கு அக்கல்வியே காரணம். இளமையில் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையிற் கணக்கராகப் பணியாற்றினார். எனினும் உள்ளம் கணக்கில் நிலைக்கவில்லை. இருபத்து நான்காம் அகவையில் அப்பணியை விடுத்து நாடக மேடை ஏறினார்.

இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்கள் அவருக்கு அமைந்தன. கம்பீரத் தோற்றமும் இடி போன்ற குரலும் காண்போரை நடுங்கச் செய்தன. அவர் எமனாக வந்ததைக் கண்ட கருவுற்ற மாது ஒருத்தி அச்சத்தாற் கருச்சிதைவுற்றாள் என்று நாடக உலகில் வழங்கி வருகின்றது. பிறர் இதனைத் தம் நடிப்பின் வெற்றியாகப் பேசிக்கொண்டிருப்பர். சுவாமிகளோ ஓர் உயிர்க்குத் தம்மால் ஊறு நேர்ந்ததே என உருகினார். வேடம் புனைவதைத் துறந்து, துறவுக்கோலம் பூண்டு, தலயாத்திரை மேற்கொண்டார். சுவாமிகள் என்னும் பெயர் இவ்வாறே அவர்க்கு நிலைத்தது.

எனினும் கலை அவரை விடவில்லை. புதுக்கோட்டையிற் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனெனவே ஏற்று அன்பு பாராட்டினார். இசையிலும் தாளத்திலும் அவர் புலமை அங்கே முதிர்ந்தது. பின்னர் நாடக ஆசிரியராக அமர்ந்தார். நாடகம் எழுதுதல், பாடல் புனைதல், மெட்டமைத்தல், பயிற்சி அளித்தல் ஆகிய அனைத்தும் அவர் ஒருவரிடமே குடிகொண்டிருந்தன. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், பிரகலாதன் முதலாகப் பல நாடகங்கள் அவரால் உருப்பெற்றன.

அக்காலத்து நடிகர் பலர் பாடத்தை மதியாது, மேடையிலேயே ஒருவரை ஒருவர் மடக்கித் தம் சாதுரியத்தைக் காட்ட முற்பட்டனர். கதையும் அறமும் பின்னுக்குச் சென்றன. சுவாமிகள் இந்நிலை கண்டு வருந்தினார். நம் உத்திரமேரூர்ச் சபையார், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளில், கணக்குக் காட்டாதவர் வாரியப் பொறுப்புக்கு ஆகார் என விதித்தமையை வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர் இன்றும் காட்டுகின்றது. ஒழுங்கின்றேல் பொதுப்பணி இல்லை என்பது அதன் கருத்து. சுவாமிகள் மேடைக்கும் அதே விதியை வகுத்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் தொடங்கினார். பின்னதிற் சிறுவர்களே நடிகர். அவர்கள் பாடத்தைப் பிழையின்றி ஓதினர். ஆசிரியர் சொல்லுக்கு அடங்கினர். ஆறு வயதுப் பாலகனாக அங்கே சேர்ந்தவரே பிற்காலத்து ஒளவை சண்முகம். அச்சிறுவனின் திறமை கண்டு மகிழ்ந்த சுவாமிகள், அவனுக்கெனவே அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார்.

1921ஆம் ஆண்டு வாதநோய் அவரைப் பற்றியது. கையும் காலும் செயலிழந்தன. அவையை அதிரவைத்த குரலும் அடங்கியது. ஆயிரமாயிரம் பாடல் புனைந்தவர் ஒரு சொல்லும் உரைக்கலாற்றாதவரானார். ஆயினும் அவர் யாத்த பாடல்களை அவர் பயிற்றிய குழந்தைகள் இரவுதோறும் மேடையிற் பாடினர். தம் நாவில் அவிந்த தமிழ் பல இளநாவுகளில் ஒலித்ததே அவர் தவத்திற்கு இறைவன் அளித்த பயன் என்க. 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் புதுவையில் இறைவனடி சேர்ந்தார். கருவடிக்குப்பத்தில் அவர்தம் சமாதி உள்ளது.

இன்றும் தென்பாண்டி நாட்டுக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் நடைபெறுகின்றது. வேடனாகவும் விருத்தனாகவும் வந்து வள்ளியை ஆட்கொள்ளும் வேலவன் புகழை, எழுத்தறியா எளியோரும் கேட்டு உருகுகின்றனர். கலம் மாறினும் அருள் மாறாது. நம் இளஞ்சிறார்க்குத் தமிழையும் பத்தியையும் பிழையறப் பயிற்றுதலும் ஒரு திருப்பணியே. அப்பணி நம் ஊரில் இடையறாது நிகழ முருகப்பெருமான் திருவருள் முன்னிற்பதாக.