மடத்துத் தோட்டத்தில் பட்டாணி எண்ணிய பாதிரியார்

பட்டாணி என்றதும் நமக்குச் சுண்டல்தான் ஞாபகத்துக்கு வரும். ஐரோப்பாவில் ஒரு பாதிரியாருக்கோ அதே பட்டாணி எட்டு வருஷத் தவமாக இருந்தது. மதில் சூழ்ந்த ஒரு மடத்தின் உள்தோட்டத்திலே அவர் அந்தத் தவத்தைச் செய்தார். அவர்தான் கிரெகர் மெண்டல்.

1822-ஆம் ஆண்டு ஜூலை மாதம், அன்றைய ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் ஹைன்சென்டார்ப் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோஹான். தகப்பனார் குடியானவர். சொந்த நிலத்தில் பாடுபட்டதோடு, வாரத்தில் மூன்று நாள் ஜமீனுக்கும் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது.

பையன் படிப்பிலே கெட்டிக்காரன். ஆனால் 1838-இல் மரம் விழுந்து தகப்பனார் படுகாயம் அடைந்தார். வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கிடைத்த சில்லறையில் யோஹான் காலம் தள்ளினார். கவலை உடம்பைப் படுத்தியது. மாதக்கணக்கில் படுத்த படுக்கையானார்.

அப்போது கை கொடுத்தவள் தங்கை தெரேசியா. தன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்குக் கொடுத்துவிட்டாள். பிற்காலத்தில் அவள் பிள்ளைகளைத் தம் செலவில் படிக்க வைத்தார் மெண்டல். அவர்களில் இருவர் டாக்டர் ஆனார்கள்.

1843-இல் புரூன் நகரத்திலிருந்த புனித தாமஸ் மடத்தில் அவர் சேர்ந்தார். இன்று அந்த நகரம் செக் நாட்டிலே பர்னோ என்ற பெயரில் இருக்கிறது. மடத்திலே கிரெகர் என்று பெயர் சூட்டினார்கள். பக்தி மட்டும் அவரை அங்கே அழைத்துச் செல்லவில்லை. அடுத்த வேளைச் சோற்றுக் கவலை தீர்ந்தால் போதும் என்ற நிலையும் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்வது பாதிரியாரின் கடமை. அவர்கள் படும் வேதனையைப் பார்த்து மெண்டலே நோயில் விழுந்தார். மடத்துத் தலைவர் நாப் நல்ல மனிதர். அவரை அந்த வேலையிலிருந்து விடுவித்து, பள்ளிக்கூட உபாத்தியாயராக அனுப்பினார். 1850-இல் உபாத்தியாயர் பரீட்சை எழுதினார் மெண்டல், தேறவில்லை. பிறகு வியன்னா சர்வகலாசாலையில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, 1856-இல் மறுபடி போனார். பாதியில் உடம்பு சரியில்லாமல் திரும்பிவிட்டார். தாவர சாஸ்திரத்தையே மாற்றி அமைக்கப் போகிறவர் கடைசிவரை தற்காலிக உபாத்தியாயராகத்தான் இருந்தார்!

அந்த 1856-லேயே பட்டாணி வேலை ஆரம்பமாயிற்று. மடத்து ஜன்னல்களுக்குக் கீழே, சுமார் 115 அடி நீளமும் 23 அடி அகலமும் உள்ள ஒரு பாத்தி. அவ்வளவுதான் இடம். குடியானவரின் பிள்ளை அல்லவா, அதைக் கொண்டே சமாளித்தார்.

பட்டாணிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும். ஆகவே முற்றாத மொட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பார். பிறகு வேறு செடியின் மகரந்தத்தைத் தடவுவார். மஞ்சள் விதைச் செடியையும் பச்சை விதைச் செடியையும் இப்படிச் சேர்த்தபோது, வந்த விதை எல்லாம் மஞ்சள். பச்சை எங்கே போயிற்று?

அந்த விதைகளை அடுத்த வருஷம் விதைத்தார். 258 செடிகள் காய்த்தன. உரித்து எண்ணினார். மஞ்சள் 6,022, பச்சை 2,001. காணாமற்போன பச்சை திரும்பி வந்திருந்தது! அதுவும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில். உருண்டை விதை, சுருங்கிய விதை; நெட்டைச் செடி, குட்டைச் செடி என்று ஏழு குணங்களைச் சோதித்தார். கணக்கு மாறவில்லை.

ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு கூறுகள் சந்ததிக்கு வருகின்றன. பலமானது வெளியே தெரியும்; மற்றது மறைந்திருந்து பேரப்பிள்ளையிடம் தலைகாட்டலாம். மெண்டல் கண்டது இதுதான். இதற்காக எட்டு வருஷத்தில் சுமார் 28,000 செடிகளைப் பரிசோதித்தார்.

1865-ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் உள்ளூர் இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தில் அவர் இதை எடுத்துரைத்தார். செடியின் வம்சத்துக்குப் பெருக்கல் கணக்கா என்று நினைத்தார்களோ என்னவோ, அதன் முக்கியத்துவம் யாருக்கும் புரியவில்லை. மறு வருஷம் கட்டுரை அச்சேறியது. பிரதிகளை அறிஞர்களுக்கு அனுப்பியும் பலனில்லை.

1868-இல் அவரே மடத்தின் தலைவரானார். பதவி வந்தது, பாத்தி போயிற்று. 1874-இல் மடங்களுக்கு அரசாங்கம் புது வரி போட்டது. அது அநியாயம் என்று சாகும்வரை போராடினார். நண்பர்கள் விலகினார்கள். சிறுநீரக நோய் முற்றி, 1884 ஜனவரி 6-ஆம் தேதி காலமானார். அவருடைய குறிப்புகளில் பெரும்பகுதியை நெருப்பிலிட்டுவிட்டார்கள்.

பதினாறு வருஷம் கழித்து, 1900-இல், ஹாலந்தின் டி விரீஸ், ஜெர்மனியின் கோரென்ஸ், ஆஸ்திரியாவின் செர்மாக் மூவரும் தனித்தனியே அந்தப் பழைய கட்டுரையை உலகுக்கு நினைவூட்டினார்கள். 1910-இல் மடத்துக்கு எதிரே இருந்த சதுக்கத்தில் மெண்டலுக்குச் சலவைக்கல் சிலை எழுந்தது.

அதற்கும் ஒரு சோதனை வந்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி ஏற்பட்டது. மெண்டலின் கொள்கை பொய் என்று சொன்ன சோவியத் நிபுணர் லைசென்கோவுக்கு அப்போது செல்வாக்கு. மடத்தை மூடினார்கள். சதுக்கத்துச் சிலையைப் பெயர்த்து மதிலுக்கு உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள்.

அந்த ஆட்சி 1989-இல் போய்விட்டது. சிலை திரும்பச் சதுக்கத்துக்குப் போகவில்லை. மடத்துத் தோட்டத்திலேயே நிற்கிறது.