அரசனுக்கு வளையாத ஜவுளி வியாபாரி



நம்மில் ராவுத்தர்மார் பெரும்பாலோர் ஹனபி மத்ஹபினர். மரைக்காயர்மார் பலர் ஷாபிஈ மத்ஹபினர். எவராயினும் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் பெயரைக் கேளாதவர் இல்லை. ஆனால் அப்பெரியார் நம்மைப்போல் கடை வைத்துப் பிழைத்தவர்கள் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டு அரச வம்சங்களின் அதிகாரத்தை மறுத்து நின்றவர்கள் என்பதையும், அதற்கு அந்தக் கடை எவ்வாறு துணையாயிற்று என்பதையும் இங்கே சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

இமாம் அவர்களின் இயற்பெயர் நுஃமான். தந்தையார் தாபித். ஹிஜ்ரி 80-ல், அதாவது கி.பி. 699-ல், இராக் நாட்டுக் கூபா நகரில் பிறந்தார்கள். அப்போது இராக்கை ஆண்டவன் ஹஜ்ஜாஜ். அவனுடைய கொடுமையைச் சரித்திரம் படித்தோர் அறிவர். அரபியரல்லாதவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய பின்னரும் மவாலிகள் என அழைக்கப்பட்டு, உமையாக்களின் ஆட்சியில் ஒருபடி தாழ்வாகவே நடத்தப்பட்டனர். இமாமவர்களின் குடும்பமும் அரபுக் குடும்பமன்று. ஆகவே அதிகாரம் என்றால் என்னவென்பதை இளமையிலேயே கண்ணால் கண்டு வளர்ந்தார்கள்.

குடும்பத் தொழில் துணி வியாபாரம். பட்டும் கம்பளியும் கலந்து நெய்த கஸ் என்னும் உயர்ந்த துணி அவர்கள் கடையில் விற்பனையாயிற்று. கடையும் கடைத்தெருவுமாக இருந்த வாலிபரின் கூர்மையான அறிவைக் கண்டு, ஷஅபி என்ற பெரியார் கல்வியின் பக்கம் திருப்பினார். பின்னர் ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் 18 ஆண்டுகள் பாடம் கேட்டார்கள். ஹிஜ்ரி 120-ல் உஸ்தாத் மறைந்தபின் அந்த இடத்தில் அமர்ந்து போதிக்கலானார்கள். அப்போதும் கடையை மூடவில்லை. கூட்டாளிகளை வைத்து நடத்தி வந்தார்கள்.

கடையில் அவர்களுடைய நாணயம் எப்படிப்பட்டது என்பதற்கு இரண்டு செய்திகள் போதும். ஒருமுறை பழுதுள்ள துணி ஒன்றைக் கூட்டாளியிடம் கொடுத்து, பழுதைக் காட்டி விற்கும்படி சொன்னார்கள். அவர் மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். இன்னொரு முறை ஒரு பெண்மணி பட்டாடை ஒன்றை நூறு திர்ஹமுக்கு விற்க வந்தாள். அது அதிகம் பெறும் என்று சொல்லி, விலை தெரிந்த ஒருவரை மதிப்பிடச் செய்து, ஐந்நூறு கொடுத்து வாங்கினார்கள். விற்பவளின் அறியாமையைத் தம் இலாபமாக்கிக் கொள்ளவில்லை.

இலாபத்தில் ஒரு பகுதி மாணவர்களுக்குச் செல்லும். அபூயூசுப் என்ற மாணவரின் வீட்டில் வறுமை. அவர் படிப்பை விட்டுக் கூலி வேலைக்குப் போகாதபடி, குடும்பச் செலவை இமாமவர்களே ஏற்றார்கள்.

இனி அதிகாரத்தின் கதைக்கு வருவோம். ஹிஜ்ரி 122-ல் (கி.பி. 740) நபி பேரர் ஹுஸைன் (ரலி) அவர்களின் பேரரான ஸைத் (ரஹ்), உமையாக்களை எதிர்த்துக் கூபாவில் எழுந்தபோது, இமாமவர்கள் பொருளுதவி செய்ததாக வரலாறு கூறுகிறது. சில ஆண்டுகளுக்குப் பின், உமையா ஆட்சி ஆட்டங்கண்ட வேளையில், இராக்கின் ஆளுநர் இப்னு ஹுபைரா இமாமவர்களுக்குப் பதவி கொடுக்க விரும்பினார். ஏன் தெரியுமா? வாளால் நிலைக்கும் ஆட்சி ஜனங்களின் மனத்தை ஆளமுடியாது. ஜனங்கள் நம்பும் ஓர் ஆலிமை ஆசனத்தில் அமர்த்திவிட்டால், ஆட்சி செய்யும் அக்கிரமமும் நீதியைப்போல் தோன்றும். இமாமவர்கள் இதை அறிந்து மறுத்தார்கள். அதற்குச் சவுக்கடி கிடைத்தது. நாளுக்குப் பத்து அடியாக நூற்றுக்கு மேல் அடித்தார்கள் என்பர். அடியைவிடத் தம் தாயார் பட்ட வேதனையே அவர்களை அதிகம் வருத்தியதாம். பின்னர் கூபாவை விட்டு மக்காவுக்குச் சென்று தங்கினார்கள்.

கி.பி. 750-ல் உமையாக்கள் வீழ்ந்து அப்பாசியாக்கள் வந்தனர். கொடி மாறியது, குணம் மாறவில்லை. கலீபா மன்சூர் முதலில் பரிசுகளால் பார்த்தார். இமாமவர்கள் ஏற்கவில்லை. மோஸுல் நகரத்தார் கலகம் செய்தபோது, உடன்படிக்கையை மீறினால் எங்கள் உயிர் உங்களுக்கு என்று அவர்கள் முன்பே ஒப்புக்கொண்டிருந்ததைக் காட்டி, அவர்களைக் கொல்லலாமா என்று மன்சூர் ஆலிம்களிடம் கேட்டார். தங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றை அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அது செல்லாது என்று இமாமவர்கள் பதில் கூறியதாக நூல்களில் காணப்படுகிறது. தனக்குரியதல்லாத சரக்கை யாரும் விற்க முடியாது என்பது கடைத்தெரு அறிந்த சட்டம். அதைக் கொண்டே ஓர் ஊரின் உயிரைக் காக்க முனைந்தார்கள்.

கி.பி. 762-ல் மன்சூர் பக்தாத் நகரைக் கட்டத் தொடங்கினார். இமாமவர்களை அங்கே வரவழைத்துக் காஜி பதவியை ஏற்கும்படி வற்புறுத்தினார். தமக்கு அதற்குத் தகுதியில்லை என்றார்கள் இமாமவர்கள். பொய் சொல்கிறீர் என்று கலீபா சினந்தார். அப்படியானால் பொய் சொல்பவன் காஜியாக எப்படித் தகுவான் என்று இமாமவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கலீபாவிடம் பதில் இல்லை, சிறைச்சாலைதான் இருந்தது. ஹிஜ்ரி 150-ல் (கி.பி. 767) பக்தாதில் வபாத்தானார்கள். கூட்டம் மிகுந்ததால் ஜனாஸாத் தொழுகை பலமுறை நடந்ததாகச் சொல்லுவர். அதே ஆண்டில்தான் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் பிறந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய மாணவர் அபூயூசுப் (ரஹ்), பிற்காலத்தில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியானார். வரிவசூலில் குடிகளை வருத்தலாகாது என்று கலீபாவுக்கே நூல் எழுதிக் கொடுத்தார். ஆகவே காஜி பதவியே பாவம் என்று கொள்ளவேண்டியதில்லை. அரசன் விரும்பிய தீர்ப்பைச் சொல்லவேண்டிய ஆசனத்தில்தான் இமாமவர்கள் அமர மறுத்தார்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பெரியோர் வாக்கு. அரண்மனை உப்பைத் தின்றவன் அரண்மனையை எதிர்த்துப் பேசமுடியாது. இமாமவர்களின் வீட்டு அடுப்பு கூபாக் கடைத்தெருவின் ஹலாலான இலாபத்தில் எரிந்தது. ஆதலால் பரிசுப்பை வந்தபோது கை நீளவில்லை. சவுக்கு வந்தபோது தலை குனியவில்லை.

வியாபாரம் நமக்குச் சோறு போடுகிறது. வீடு கட்டித் தருகிறது. யாருக்கும் அஞ்சாமல் ஹக்கைப் பேசும் உரிமையையும் அது தரும். ஆனால் ஒரு நிபந்தனை: நம் கல்லாவில் பிறர் பணம் இருக்கக்கூடாது. அளவில் குறைவு, சரக்கில் மறைத்த பழுது, வேலைக்காரனுக்குக் கொடாத கூலி இவை உள்ளவனை எந்தச் சிறு அதிகாரியும் ஆட்டிவைப்பான். அதோடு, நாமும் நம் கடையில் ஒரு சிறு அரசர்தாம். நமக்குக் கீழே நிற்கும் பையனிடம் நாம் மன்சூராக இருக்கிறோமா, அபூஹனீபாவாக இருக்கிறோமா என்பதை அவரவர் மனத்தைக் கேட்டுக்கொள்வோமாக.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தைத் தூய்மையாக்கி, அவனையன்றி வேறெவருக்கும் அஞ்சாத உள்ளத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.